ஏழாவது கட்டம்

2024 ஜூலை 14, ஞாயிறு. 4.50க்கு எழுந்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கினேன். 5.15 முதல் 5.45 வரை ஜெபம். பிறகு நகம் வெட்டினேன், கறுப்புக் குடையில் வளைந்திருந்த கம்பி ஒன்றை நிமிர்த்தினேன், இரண்டு சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். மழை 7.10க்குத் தொடங்கி 8.40க்கு விட்டது. காலையில் நான்கு இட்லி. 11.20க்கு வாலிபர் பதிவேட்டை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு, கார்டன் ரீச்சில் பஸ் ஏறினேன். கிடர்பூரில் இறங்கியபோது கணுக்கால் வரை தண்ணீர். கைவண்டிக்காரர்கள் அதிலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வங்காளிச் சபையார் காலை ஆராதனையை முடித்துச் சாவியைக் கொடுத்தால், பன்னிரண்டு மணியிலிருந்து மாலை வரை அது எங்களுடையது. துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் மாற்றலாகி வந்த குடும்பங்கள். மூன்று வருடம், நான்கு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். பத்தொன்பது வருடமாகப் போகாமல் இருப்பவன் நான். அந்த ஒரு தகுதியால் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் செயலாளர். எனக்கு வயது நாற்பத்தொன்பது. என்னைவிட நீண்ட காலமாக இங்கே இருக்கும் தலைவருக்கு அறுபத்தாறு. எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் நிர்வாகக் குழுவில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துப் படிக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

வெள்ளியும் சனியும் பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாலிபர் முகாம் நடத்தியிருந்தோம். பேச்சாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்தார். ஜூலை மாதக் கல்கத்தாவுக்கு வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வந்த மனிதர். வாலிபர்களின் மனம் தமக்கு அத்துப்படி என்றார். அதில் அவருக்குத் தெரிந்தவை மூன்று: போன், சினிமா, காதல். இரண்டு நாளும் இந்த மூன்றையும் மாற்றி மாற்றித் திட்டினார். போனைத் திட்டும்போது தம் போனை எடுத்து மணி பார்த்துக்கொண்டார்.

எங்கள் பிள்ளைகளுக்கு அவருடைய தமிழ் பாதிதான் விளங்கியது. இங்கே வளர்ந்தவர்கள், அம்மாவோடு தமிழ், மற்ற எல்லோரோடும் வங்காளி. அவர் சிரித்தபோது சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தியபோது தலை குனிந்தார்கள். அதை அவர் பரிசுத்த ஆவியின் அசைவாடுதல் என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை அழைப்பு கொடுத்தார். எல்லோரும் கண்ணை மூட வேண்டும், யாரும் யாரையும் பார்க்கக் கூடாது, இன்று தீர்மானம் எடுப்பவர்கள் கையை உயர்த்த வேண்டும். முன்னதாகவே என்னைத் தனியே அழைத்து, “செக்ரட்டரி பிரதர், நீங்க மட்டும் கண்ணைத் திறந்து எண்ணிக்கோங்க” என்று சொல்லியிருந்தார். கர்த்தரும் நானும் மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு. பதினேழு பேரில் பதினாறு கை. முதலில் ஒன்று, பிறகு அதன் பக்கத்தில் இரண்டு, பிறகு வரிசையாக, வகுப்பில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல. உயராத கை ஒரு பெண்ணுடையது. அவள் கண்ணை நன்றாகவே மூடியிருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. எண்ணியவன் நான் என்பதால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை இங்கே எழுதி வைப்பது அவசியம்.

அவளுக்குப் பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் ஆராதனை நேரத்தில் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்வராந்தாவில் வகுப்பு எடுக்கிறாள். தமிழும் வங்காளியும் கலந்து கதை சொல்வாள். காணாமற்போன ஆட்டின் கதை என்றால் ஒரு பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து, மற்றவர்கள் தேடிப் பிடிக்கும்வரை ஜெபத்தை ஆரம்பிக்க மாட்டாள். நான் வருகைப் பதிவுக்காகப் போய், “எத்தனை பேர்?” என்று கேட்டால் அவளிடம் எண் இருக்காது. பிள்ளைகளிடம், “யாரு இன்னைக்கு வரல?” என்று கேட்பாள். அவர்கள் கத்திச் சொல்வார்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் புதன்கிழமை டியூஷன் முடித்துவிட்டுப் போய்விடுவாள். எண்ணிக்கை எழுதி வைக்காததற்காக அவளை நான் இரண்டு முறை கண்டித்திருக்கிறேன். எங்கள் சபையில் உருப்படியாக நடந்துகொண்டிருந்த ஒரே காரியத்தில் நான் கண்ட குறை அது.

ஞாயிறு நாலு மணி ஆராதனையில், முகாமில் தீர்மானம் எடுத்தவர்களைச் சபைக்கு முன் நிறுத்தி அர்ப்பணிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் விண்ணப்பத் தாள் நிரப்பித் தர வேண்டும். தாளை ஒன்பது வருடத்துக்கு முன் உண்டாக்கியவன் நான். பெயர், வயது, பெற்றோர், படிப்பு, ஞானஸ்நானம் பெற்ற நாள், தாலந்துகள் (திறமைகள்) என்று ஆறு கட்டம். ஏழாவது கட்டம், ‘இரட்சிக்கப்பட்ட நாள்’, ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட தேதி. தாளின் கீழும் பதிவேட்டின் முதல் பக்கத்துக் கீழும் ஒரு விதி எழுதியிருக்கிறேன்: ஏழாவது கட்டம் காலியாக உள்ளவர் வகுப்பு எடுக்கவோ, பாடகர் குழுவில் நிற்கவோ, எந்தப் பொறுப்பும் வகிக்கவோ கூடாது. தலைவர் வாயால் சொன்னதை நான் நல்ல தமிழில் எழுதினேன். அன்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதினார்கள்.

“அங்கிள், ஏழாவதுல எல்லாரும் என்ன போட்டிருக்காங்க?” என்று ஒரு பையன் கேட்டான்.

“எல்லாரும் போட்டதை நீ போடக் கூடாது. உன்னோடது.”

“என்னோடதும் நேத்துதான், அங்கிள்.”

“நேத்து என்ன ஆச்சு உனக்கு?”

“கை தூக்கினேன்.”

பதினான்கு பேர் சனிக்கிழமைத் தேதியை எழுதியிருந்தார்கள். அதில் ஒருத்தி நேரமும் குறித்திருந்தாள்: மாலை 7.10, கரண்ட் வந்த பிறகு. இன்னொருவன் வெள்ளிக்கிழமைத் தேதியை எழுதினான், சனி மாலை கை தூக்கிவிட்டுச் சீக்கிரம் டியூஷனுக்குக் கிளம்பியவன். முழுக் கூட்டத்துக்கும் இருந்த நாளைப் போட்டால்தான் சரி என்று நினைத்திருக்கிறான். வேறொருவன் இரண்டு தேதி எழுதி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பதினாறு ஆயிற்று. பதினேழாவது தாளில் ஏழாவது கட்டம் காலி.

அவளைக் கூப்பிட்டேன்.

“இதை விட்டுட்டே.”

“விடல அங்கிள். மானே…” ‘அதாவது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வங்காளச் சொல்தான் வரும். “மானே, எனக்குத் தேதி தெரியல.”

“விசுவாசம் இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“அப்போ அது ஒரு நாள் ஆரம்பிச்சிருக்கணும்ல.”

“எப்போ இல்லாம இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே எப்போ ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியும்? அம்மாவை எந்தத் தேதியிலேர்ந்து தெரியும்னு கேட்டா நான் என்ன எழுதுவேன்?”

பதில் இல்லாதபோது எங்களைப் போன்றவர்கள் சொல்வதைச் சொன்னேன். “கட்டம் இருந்தா எழுதணும்.”

அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “உங்களுக்குத் தேதி இருக்கா அங்கிள்?”

“1992 மே 17. ஞாயிற்றுக்கிழமை.” யோசிக்காமல் வந்தது. ஒவ்வொரு வருடமும் மே மாதம் சபையில் எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்கிறவன். அப்போது எனக்குப் பதினேழு வயது. முகாமின் கடைசி நாள். அழைப்பின்போது உடம்பெல்லாம் நடுங்கியது, கண்ணீர் நிற்கவில்லை, உள்ளே ஒரு வெளிச்சம் வந்ததுபோல் இருந்தது. அவளுக்கும் சொன்னேன்.

“அப்பவே டைரில எழுதி வச்சீங்களா? நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீங்களே.”

“எழுதாம இருப்பேனா?” என்றேன்.

இரண்டரைக்குத் தலைவரும் பேச்சாளரும் வந்தார்கள். ஆராதனைக்கு முன் போதகர் அங்கி மாற்றும் சிறிய அறையில் உட்கார்ந்தோம். பேச்சாளரின் வெள்ளைக் காலணி இப்போது வெள்ளையாக இல்லை. அவருக்குக் காகிதத்தில் ஒரு எண் வேண்டியிருந்தது, ஊருக்குப் போய்ச் சொல்வதற்கு. பதினேழுக்குப் பதினேழு என்பது சொல்ல அழகாக இருக்கும். பதினேழுக்குப் பதினாறு என்றால் அந்த ஒன்று யார், என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்கள்.

“தேதி தெரியலைன்னா அந்தப் பாப்பா இன்னும் இரட்சிப்பைப் பெறலைன்னு அர்த்தம், பிரதர்” என்றார். “பொறந்த தேதி இல்லாம ஒரு பிள்ளை உண்டா?”

“நேத்து கூட்டத்துல இருந்தாள்ல?” என்று தலைவர் என்னிடம் கேட்டார். திருநெல்வேலிக்காரர், நாற்பது வருடக் கல்கத்தாவும் அவர் பேச்சைத் தொடவில்லை.

“இருந்தா.”

“அப்போ நேத்துத் தேதியைப் போடும். இதுக்கு என்ன வே யோசனை?”

“அவ கை தூக்கல. நான் எண்ணினேன்.”

“மனசுக்குள்ள தூக்கியிருப்பா. நீரு மனசையும் எண்ணினீரோ?” அவர் சிரித்தார். பேச்சாளரும் சிரித்தார். “போடும் வே. இல்லாட்டா விதிப்படி அவகிட்டேயிருந்து வகுப்பைப் பிடுங்கணும். அந்தப் பாவம் உமக்கு வேணுமா?”

அதுதான் என்னை மடக்கிய வார்த்தை. அவளுக்கு நல்லது செய்வதாக எனக்கே தோன்றியது. பேனாவை எடுத்து, அவளுடைய தாளிலும் பதிவேட்டிலும், என் கையெழுத்தில், 13.7.2024 என்று எழுதினேன். கோணாமல், கட்டத்துக்கு நடுவில். நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் ஜெபித்துவிட்டு வந்தவர்கள், ஒரு பிள்ளையின் விசுவாசத்துக்குப் பிறந்த தேதி போட எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சாளர், “ஆமென்” என்றார். தலைவர் டீ வந்ததா என்று கேட்டார்.

ஆராதனையில் இரண்டாம் பாட்டுக்குப் பிறகு பதினேழு பேரும் முன்னால் வந்து நின்றார்கள். செயலாளர் பெயரையும் நாளையும் வாசிக்க வேண்டும், பிள்ளை ஆமென் சொல்ல வேண்டும், பேச்சாளர் தலையில் கை வைப்பார். இரண்டு தேதிக்காரனுக்கு நான் பிந்தியதை எடுத்துக்கொண்டேன். பதினாறு ஆமென் வந்தது. பிறகு அவள் பெயரை வாசித்து, தேதியை வாசித்தேன்.

“இல்ல அங்கிள்” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. மைக் என் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “அது நான் எழுதல.”

பேச்சாளர் என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். அவருக்கு இது புதிது அல்ல. இதற்கும் ஒரு ஜெபம் வைத்திருந்தார். கண்ணை மூடி, இந்தச் சிறு பெண்ணுக்குள் இருக்கும் முரட்டாட்டத்தின் ஆவியைக் கடிந்துகொண்டார். நான்கு நிமிடம். பெண் அவருக்கு ஓரடி தூரத்தில் கண்ணைத் திறந்தபடி, மரியாதையாக, ஜெபம் முடியும்வரை நின்றாள். முடிந்ததும் அவளும் ஆமென் சொன்னாள். அது யாரையும் கேலி செய்ய அல்ல. ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லிப் பழகிய பிள்ளை. பிறகு பின்வராந்தாவுக்கு நடந்தாள், அங்கே சின்னப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

தலைவர் எழுந்து அறிவிப்பு செய்தார். சபை ஒழுங்கைக் காப்பதற்காக, அடுத்த வாரம் முதல் சிறுபிள்ளைகள் வகுப்பைத் தாமே எடுக்கப்போவதாகச் சொன்னார். நான் அறிந்தவரை அவர் அந்தப் பிள்ளைகளிடம் இதுவரை பேசியது ஒரே சொல். ஓடாதே.

எழுதியது யார் என்று அவர் சொல்லவில்லை. பேச்சாளரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அரை மணி நேரம் பிரசங்கம் நடந்தது. எழுந்து ஒரு வாக்கியம் சொல்ல அது போதுமான நேரம். குறிப்புப் புத்தகத்தில் பிரசங்கத்தின் மூன்று தலைப்புகளையும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே குடைகள் விரியும் நேரத்தில் அவளுடைய அம்மா என்னிடம் வந்தார். எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார்.

“அந்தத் தேதியை எழுதினது நீங்கதானே அண்ணாச்சி? மக சொன்னா.”

“ஆமாம்மா. அவளுக்கு வகுப்பு போயிடக் கூடாதுன்னு…”

“அவளுக்காகவா எழுதினீங்க?” என்றார். “ஒரு கட்டம் காலியா இருந்தா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. அதுக்காக எழுதினீங்க. பொய் சொல்லாதேன்னு சொல்லி வளர்த்தேன் அண்ணாச்சி. இப்ப சர்ச்சுலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்து, “வர்றேன் அங்கிள்” என்றாள். எல்லா ஞாயிறும் சொல்வதுபோலவே சொன்னாள். அவள் கையில் பிள்ளைகள் வரைந்த தாள்கள் இருந்தன. அவற்றை அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

6.50க்கு வீட்டுக்கு வந்தேன். குடையை விரித்து வைத்தேன். பிறகு அலமாரியின் மேல்தட்டில் இருந்தவற்றை இறக்கினேன். பதினைந்து வயதிலிருந்து எழுதிய டைரிகள் வருட வரிசையில் அங்கே இருக்கின்றன. சில வருடத்து டைரியை எடுத்துத் திரும்பப் படிப்பதுண்டு. 1992ஐ எடுத்ததே இல்லை. தெரிந்ததை எதற்குப் பார்ப்பது?

“என்ன தேடுதீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“மே பதினேழு. நான் இரட்சிக்கப்பட்ட நாள்.”

“அந்த வெளிச்சம் வந்த கதையா? கல்யாணம் ஆன புதுசுல வெறும் கண்ணீர்தான் இருந்துச்சு. வெளிச்சம் பிற்பாடுல்லா வந்துச்சு. நடுக்கம் போன வருசம் சேர்த்தது.” வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

பக்கத்தைக் கண்டுபிடித்தேன். என் பதினேழு வயதுக் கையெழுத்து, இப்போதையதைவிடச் சிறியது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘ஞாயிறு. முகாம் கடைசி நாள். காலையில் உப்புமா, சட்னி புளித்திருந்தது. மதியம் தூங்கினேன். மாலைக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவன் தூக்கினான், நானும் தூக்கினேன். வெளியே வந்தால் செருப்பு மாறிப்போயிருந்தது. கிடைத்தது ஒரு சைஸ் சிறியது. அதையே போட்டுக்கொண்டு வந்தேன்.’

அவ்வளவுதான். கண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன், சட்னியை விடாதவன் அதை விட்டிருக்க மாட்டேன். முந்தின பக்கமும் அடுத்த பத்துப் பக்கமும் பார்த்தேன். செருப்பு கடித்ததைப் பற்றி இரண்டு இடத்தில் இருக்கிறது.

எனக்கு விசுவாசம் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இருக்கிறது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடமாகக் கடன் வாங்கிய ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு, வெறுங்காலோடு உண்மையாக நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்து, கட்டம் இருந்தால் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலைவரையும் பேச்சாளரையும் பற்றி மேலே எவ்வளவோ எழுதிவிட்டேன். அவர்களிடம் பேனா இருக்கவில்லை.

சாப்பிட்டேன். சப்பாத்தி மூன்று, வெண்டைக்காய்ப் பொரியல். 9.40க்குப் படுத்தேன்.

ஜூலை 15, திங்கள். 4.50க்கு எழுந்தேன். தண்ணீர் வைப்பதற்கு முன் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்தேன். அந்தப் பெண்ணின் வரிசையில் ஏழாவது கட்டத்தில் இருந்த தேதியின்மேல் ஒரே கோடு போட்டேன், அடியில் இருப்பது படிக்கும்படியாக. பக்கத்தில், ‘இதை எழுதியது செயலாளர். இவள் சொன்னது அல்ல. 13ஆம் தேதி இவள் கை உயர்த்தவில்லை என்பது எழுதும்போதே செயலாளருக்குத் தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு முதல் பக்கத்துக்குப் போனேன். அங்கே முதல் வரிசை என்னுடையது. 17.5.1992 என்பதன்மேலும் அதேபோல ஒரு கோடு போட்டு, ‘தெரியாது’ என்று எழுதினேன். கீழே இருந்த விதியையும் ஒருமுறை வாசித்தேன். அதன்படி இனி அவள் வகுப்பு எடுக்கக் கூடாது. நான் செயலாளராக இருக்கவோ, அந்த விதியை வைத்திருக்கும் பதிவேட்டைத் தொடவோ கூடாது. இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துச் சபையாரின் வாட்ஸ்அப் குழுவுக்கு, தலைவருக்குத் தனியாக அல்ல, எல்லோருக்குமாக, 5.06க்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தேன்.